நேர்மைக் குழுவின் நான்காம் பக்கம்

இந்தக் கட்டு மேலே வேண்டாம் தம்பி, பஸ் திருப்பத்தில் சரிந்துவிடும். மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லை, வெறும் காகிதம்தான். நானூற்று எண்பத்தாறு பிரதி. ஐநூறுக்குக் குறைந்து அடிக்க முடியாது என்று அச்சகத்துக்காரன் சொல்லிவிட்டான். எனக்குத் தேவைப்பட்டது பதினான்குதான்.

ஒன்று உருவிப் படியுங்கள். தலைப்பைப் பாருங்கள். "ஞாயிறு மன்றத்தில் நடப்பது என்ன?" நானே எழுதியது. முப்பத்தாறு வருடமாக ஆலைத் தொழிலாளிக்குத் துண்டறிக்கை எழுதிய கை இது. கல்லூரிக்குப் போகவில்லை. அந்தக் காலத்துத் துண்டறிக்கைகள்தான் என் பாடப் புத்தகம். உங்களை சார் என்று கூப்பிட மாட்டேன், தவறாக நினைக்காதீர்கள். ஆலையில் முதலாளியையே அப்படிக் கூப்பிட்டதில்லை. தம்பி என்கிறேன்.

சேலம்தானே நீங்களும்? நல்லது. அவிநாசி தாண்டிவிட்டோம், நேரம் இருக்கிறது.

அநியாயம் தம்பி. பட்டப்பகலில் அநியாயம். சொல்கிறேன், கேளுங்கள்.

எனக்குப் போன வருடம் முழங்கால் ஆபரேஷன். இரண்டு மாதம் படுக்கை. என் மகள் தேவகி பெங்களூரில் இருக்கிறாள். அவளுக்கு தினமும் போன் செய்து நாட்டு நடப்பைப் பேசுவேன். ஒரு நாள், "அப்பா, நான் மீட்டிங்ல இருக்கேன், உங்களுக்குப் பேசறதுக்கு ஆள்தானே வேணும்?" என்று சொல்லி என் போனில் ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள். ஓநாய் ஆட்டம். தெரியுமா? தெரியாதா? இளைஞராக இருந்துகொண்டு தெரியாது என்கிறீர்களே.

எளிதுதான். பத்துப் பேர் அவரவர் வீட்டில் இருந்தபடி ஒரு அறையில் சேர்கிறோம். அறை என்றால் போனுக்குள் இருக்கும் அறை. முகம் தெரியாது, குரல் மட்டும். போன் ஒவ்வொருவருக்கும் ரகசியமாக ஒரு சீட்டுக் கொடுக்கும். எட்டுப் பேர் ஊர்க்காரர்கள். இரண்டு பேர் ஓநாய்கள். யார் ஓநாய் என்று அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஆட்டத்தில் இரவு வரும்போது எல்லோருடைய மைக்கும் அணைந்துவிடும், ஓநாய்கள் ஒரு ஆளைத் தின்றுவிடும். பகல் வந்ததும் மீதிப் பேர் பேச வேண்டும். நீ ஓநாய், நான் ஓநாய் இல்லை, அவன் குரல் சரியில்லை, இவள் ஏன் பேசவில்லை என்று. பிறகு ஓட்டு. அதிக ஓட்டு வாங்கியவன் வெளியே.

கேட்டவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. இதைத்தானே நான் வாழ்நாள் முழுவதும் செய்தேன்? கூட்டத்துக்குள் கருங்காலி யார் என்று கண்டுபிடிப்பது. குரலை வைத்தே சொல்வேன்.

விதி மூன்றுதான். செத்தவன் பேசக்கூடாது. தன் சீட்டை யாருக்கும் காட்டக்கூடாது. அறைக்கு வெளியே ஆட்டத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசக்கூடாது. மூன்றாவதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் வம்பு.

எங்கள் அறைக்கு ஞாயிறு மன்றம் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. நடத்துகிறவள் பிரதீபா என்று ஒரு பெண், இருபத்தாறு வயது. சேலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் போகிறேன். போனில் நாலு தடவை பேசிவிட்டாள், இனிமேல் எடுக்க மாட்டாளாம். நேரடிப் பேச்சுவார்த்தைதான் வழி.

முதல் நாள் பெயர் கேட்டார்கள். சென்னியப்பன், பஞ்சாலைத் தொழிலாளி, ஓய்வு என்றேன். "அப்ப நாங்க உங்களைத் தோழர்னு கூப்பிடறோம்" என்றது ஒரு குரல். ஜெனிட்டா. மார்த்தாண்டத்துப் பெண், குவைத்தில் முதியோர் இல்லத்தில் நர்ஸ். நமக்கு மூன்று மணி என்றால் அவளுக்குப் பன்னிரண்டரை, சாப்பாட்டு நேரம். ஒரு கையில் சோறு, ஒரு கையில் போன். "வாரத்துல இந்த ஒரு மணிக்கூறுதான் நான் தமிழ் பேசுதேன்" என்பாள். எல்லோரும் என்னைத் தோழர் என்றார்கள், தோழர் என்று ஆரம்பித்து வைத்த அவள் மட்டும் இரண்டாவது வாரத்திலேயே அங்கிள் என்று மாற்றிக்கொண்டாள்.

நான் பேச ஆரம்பித்தால் அறை அடங்கிவிடும் தம்பி. மூன்று நிமிடம்தான் ஒருவருக்கு. அந்த மூன்று நிமிடத்தில் ஒருவனை எழுப்பி நிறுத்தி, அவன் முன்வாரம் பேசியதையும் இந்த வாரம் பேசியதையும் ஒப்பிட்டு, கடைசியில் "தோழர்களே, முடிவு உங்கள் கையில்" என்று சொல்லி நிறுத்துவேன். பத்தில் எட்டு ஓட்டு அவனுக்கு விழும். சில வாரம் அவன் ஓநாயாக இருக்க மாட்டான். அது வேறு விஷயம். இயக்கத்தில் அப்படி நடப்பதுண்டு.

நான் ஓநாயாக வந்தது பதினோரு தடவை. ஒரு தடவைகூட என்னைப் பிடித்ததில்லை. ஜெனிட்டா ஒருநாள் சொன்னாள், "அங்கிள், உங்களுக்க குரல் எப்பமும் லேசா நடுங்கும். ஓநாயா வாற அன்னைக்கு மட்டும் நடுங்காது. மணி அடிச்சாப்ல இருக்கும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பாருங்கள், அதைத் தெரிந்து வைத்திருந்தும் அவள் ஒரு தடவைகூட எனக்கு எதிராக ஓட்டுப் போட்டதில்லை.

இப்போது திருட்டுக்கு வருகிறேன்.

கௌசிக், சங்கவி என்று இரண்டு பேர். திருப்பூர். ஒரு வீட்டில் இருந்து ஒருவர்தான் ஆடலாம் என்பது பிரதீபாவின் கட்டுப்பாடு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் சீட்டைப் பார்த்துவிடலாம் இல்லையா? இவர்கள் தூரத்து உறவு, வேறு வேறு வீடு என்றார்கள். எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். இவனைச் சொன்னால் அவள் தாங்குவாள், அவளைச் சொன்னால் இவன் தாங்குவான்.

ஒரு ஞாயிறு, சங்கவி பேசிக்கொண்டிருக்கிறாள். பின்னால் குக்கர் விசில். ஒன்று. அப்போது கௌசிக்கின் மைக்கும் திறந்திருந்தது. அதிலும் விசில். இரண்டாவது விசில், இரண்டு மைக்கிலும். மூன்றாவது விசில், இரண்டு மைக்கிலும். மூன்றாவது முடிந்ததும் கௌசிக் சொல்கிறான், "இறக்கிடு இறக்கிடு." யாரை இறக்கச் சொல்கிறான்? இரண்டு வீட்டில் ஒரே குக்கரா?

அன்றே பிரதீபாவுக்குப் போன் போட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "தோழரே, குக்கர் எல்லா வீட்டுலயும்தான் கத்துது. ப்ரூஃப் குடுங்க, நீக்கறேன். சந்தேகத்துக்கு ஆளை நீக்கினா அது ஆட்டம், நெசத்துல அப்படிச் செய்ய முடியாது."

இருபத்தாறு வயது. எனக்குப் பாடம்.

சரி, அமைப்பாகத் திரள்வோம் என்று முடிவு செய்தேன். ஏமாற்றுகிறவர்கள் சேர்ந்திருக்கிறார்கள், நேர்மையானவர்கள் தனித்தனியாக நிற்கிறார்கள். எங்கேயும் தோற்பது இப்படித்தான். ஆகவே வாட்ஸப்பில் ஒரு குழு. நேர்மைக் குழு. நான், ஜெனிட்டா, வாணியம்பாடியில் செருப்புக்கடை வைத்திருக்கும் இதயத்துல்லா. ஞாயிறு இரண்டு ஐம்பதுக்குக் கூடுவோம். ஆட்டம் தொடங்கியதும் யாருக்கு என்ன சீட்டு என்று மூன்று பேரும் குழுவில் போட்டுவிட வேண்டும். யாரை வெளியேற்றுவது என்று அங்கேயே முடிவெடுத்துவிட்டு அறையில் ஒரே குரலில் பேச வேண்டும்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

ஜெனிட்டாவும் இதைத்தான் கேட்டாள். "அங்கிள், இது ரூல்ல உண்டா? எனக்குப் பேடியா இருக்கு. வெளிய வச்சுப் பேசக்கூடாதுன்னு இருக்குல்லா?" பேடி என்றால் அவர்கள் பக்கத்தில் பயம். நான் சொன்னேன், "அம்மா, பொதுக்கூட்டத்துக்கு முன்னால் செயற்குழு கூடாத அமைப்பு உலகத்தில் கிடையாது. விதி ஏமாற்றுக்காரர்களுக்கு. நாம் கூடுவது விதியைக் காப்பாற்ற. பிரதீபாவுக்கும் இது தெரியும்." பிரதீபாவுக்குத் தெரியாதுதான். தெரிந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாள் என்ற பொருளில் சொன்னேன். ஜெனிட்டா, "நீங்க சொன்னா சரியாதான் இருக்கும்" என்றுவிட்டாள்.

ஐந்து வாரம். ஐந்து வாரமும் முதல் பகலிலேயே கௌசிக் வெளியே, இரண்டாவது பகலில் சங்கவி வெளியே. ஓநாயாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். அப்படி ஒரு கட்டுப்பாடு! ஆலையில்கூட எனக்கு அப்படி ஒரு குழு அமைந்ததில்லை.

என்ன கேட்டீர்கள்? நான் ஓநாயாக வந்த வாரமா? வந்தது, இரண்டு தடவை. குழுவில் சொன்னேன். ஒளிக்கவில்லையே! குழு எனக்கு ஆதரவாக ஓட்டளித்தது. தலைமையைக் காப்பது குழுவின் கடமை.

இருங்கள், கண்டக்டர் வருகிறார். இல்லைங்க, விநியோகம் செய்யவில்லை. இந்தத் தம்பி கேட்டார், கொடுத்தேன். "பெரியவரே, பஸ்ஸுல நோட்டீஸ் குடுக்கற வேலையெல்லாம் வெச்சுக்காதீங்க"வாம். முகத்தைப் பாருங்கள். இவருடைய சங்கத்துக்கு எத்தனை வாயிற்கூட்டம் பேசியிருப்பேன்.

எங்கே விட்டேன்? துண்டறிக்கை.

ஐந்து வாரத்து ஆதாரத்தையும் திரட்டி இதை எழுதினேன். பொங்கலுக்கு வாழ்த்து அட்டை அனுப்புவதாகச் சொல்லி மன்றத்தில் மாறி மாறி ஆட வரும் பதினான்கு பேரிடமும் முகவரி வாங்கி வைத்திருந்தேன், அது உதவியது. குவைத்துக்கும் போயிற்று. முதல் பக்கம் குக்கர். இரண்டாம் பக்கம் அவர்கள் போட்ட ஓட்டுகளின் பட்டியல். மூன்றாம் பக்கம் தலைமையின் மெத்தனம். நாலாம் பக்கம் நேர்மைக் குழு எடுத்த நடவடிக்கைகள். படியுங்கள், நாலாம் பக்கம்: "மார்ச் முதல் ஞாயிறு, பிற்பகல் இரண்டு ஐம்பதுக்குக் கூடிய நேர்மைக் குழு, உறுப்பினர்கள் தோழர் சென்னியப்பன், தோழர் ஜெனிட்டா, தோழர் இதயத்துல்லா ஆகியோரின் ஒருமித்த முடிவின்படி..." தேதி, நேரம், தீர்மானம், எல்லாம் இருக்கிறது. ஒரு அமைப்பு தன் நடவடிக்கையைப் பதிவு செய்யாவிட்டால் வரலாறு அதை எப்படி அறியும்?

தபால் போய்ச் சேர்ந்த அன்று பிரதீபா கூப்பிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத குரல். "தோழரே, ப்ரூஃப் கேட்டேன்ல. குடுத்துட்டீங்க. நாலாவது பக்கத்துல உங்களுக்கே எதிரா குடுத்திருக்கீங்க. அச்சடிச்சு."

மூன்று பேரையும் நீக்கிவிட்டாள். எங்களை! குக்கர் கூட்டத்தை விட்டுவிட்டு எங்களை.

சரி, அவர்களை விட்டுவிட்டாள் என்பது முழுக்கச் சரியில்லை. துண்டறிக்கை வந்த அடுத்த ஞாயிறு அந்த இருவரும் அறையில் எல்லோர் முன்னாலும், "நாங்க புருஷன் பொண்டாட்டிதான், ஒரே வீடுதான். ரெண்டு பேருக்கும் ஆடணும்னு ஆசை, பொய் சொல்லிட்டோம், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம். ஒரு மாதம் தண்டனை. இனிமேல் வாரம் மாற்றி ஒருவர் ஆட வேண்டும். அவ்வளவுதான்! வருகிற ஞாயிறு அவர்கள் உள்ளே, நான் வெளியே. ஒப்புக்கொண்டவனுக்கு மன்னிப்பு, எதிர்த்துப் போராடியவனுக்கு வெளியேற்றம். இதை எந்த ஊரில் நியாயம் என்பார்கள்?

இதயத்துல்லாவுக்குக் கவலையில்லை. "விடுங்க தோழர், வேற ரூம் பாத்துக்கலாம்" என்று போய்விட்டார். ஜெனிட்டாதான்.

அவள் எனக்கு ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பினாள். பிரதீபா அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இது யார் ஐடியா? உங்ககிட்ட யாராவது ரூல்ல உண்டுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டிருக்கிறாள். இவள், "மூணு பேரும் சேந்துதான் முடிவெடுத்தோம்" என்றுவிட்டாள். எனக்கு அனுப்பிய செய்தி இதுதான்: "அங்கிள், நான் உங்களைக் காட்டிக் குடுக்கல்ல."

அதற்குப் பிறகு பேசவில்லை. குழுவில் நான் என்ன போட்டாலும் பதில் இல்லை. ஆனால் ஞாயிறு மூன்று மணிக்கு அந்த விளையாட்டைத் திறந்து பார்த்தால் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிகிறது. அறைக்குள் போக முடியாது, வெளியே நிற்கிறாள். நாலு மணிக்குப் புள்ளி அணைந்துவிடுகிறது. நாலு வாரமாக.

நானும் வெளியேதான் நிற்கிறேன். என் புள்ளியும் அவளுக்குத் தெரியும்.

கடைசித் தடவை பிரதீபா போனில் சொன்னதைக் கேளுங்கள். "தோழரே, எனக்குத் தெரியும் அந்த அக்கா தானா செஞ்சிருக்க மாட்டாங்க. ரூல்ல உண்டுன்னு நம்பி வந்தவங்களை நான் திரும்பச் சேத்துக்கலாம். குழு ஆரம்பிச்சவங்களைச் சேக்க முடியாது, எப்பவுமே. ஒரே ஒரு வரி சொல்லுங்க. 'ஜெனிட்டாவுக்குத் தெரியாது, நான்தான் சொன்னேன்.' உங்க பேரைப் போட்டு எழுதிக் குடுங்க. அக்கா இந்த ஞாயித்துக்கிழமையே உள்ள வந்துருவாங்க."

பார்த்தீர்களா சூழ்ச்சியை? குழுவைப் பிரிப்பது. தலைவனைத் தனிமைப்படுத்துவது. ஆலை நிர்வாகம் செய்தது இதேதான், எழுத்துக்கு எழுத்து.

தொண்ணூற்றொன்றில் எழுபத்தொரு நாள் வேலைநிறுத்தம். கடைசியில் நிர்வாகம் ஒரு படிவம் வைத்தது. "வருந்துகிறேன், இனி ஈடுபட மாட்டேன்." கையெழுத்துப் போட்டவனுக்குக் கதவு திறக்கும். நான் வாயிலில் நின்று பேசினேன். மண்டியிட்டு உள்ளே போவதைவிட நிமிர்ந்து வெளியே நிற்போம் என்று. நாற்பத்து மூன்று பேர் கடைசிவரை போடவில்லை. அவர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள்! இன்றைக்கு அவர்களில் ஒருவர்கூட என்னைக் கண்டால் நின்று பேசுவதில்லை. வழியை மாற்றிக்கொண்டு போகிறார்கள். தொழிலாளியின் நன்றி.

நானா? நான் முப்பத்தாறு வருடம் முழுச் சேவை செய்து ஓய்வு பெற்றவன் என்றுதான் முதலிலேயே சொன்னேனே.

இல்லை, நீங்கள் கேட்பது புரிகிறது. நான் போட்டேன். செயற்குழு முடிவு. உள்ளே ஒரு ஆள் இருந்தால்தானே வெளியே இருப்பவனுக்காகப் பேச முடியும்? மூன்று பேர் கொண்ட செயற்குழு. மற்ற இருவர் அன்று வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அன்று மாலைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசினேன், யாரும் போடாதீர்கள் என்று. என் வாழ்நாளில் சிறந்த பேச்சு அதுதான் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். மணி அடித்த மாதிரி இருந்ததாம்.

கையெழுத்துப் பதிவேட்டில் என் பெயரைப் பார்த்தவன் மாணிக்கராஜ் ஒருவன்தான். நூற்புப் பிரிவு. அவன் நாற்பத்து மூன்றில் ஒருவன். பார்த்தான். யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஏதோ நகைக்கடை வாசலில் காவலாளியாக நின்றான், ஸ்டூல் போட்டு. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் நான் எதிர்ச்சாரியில் போவேன். வெயில் குறைவு அங்கே.

மற்றவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்குமோ என்றும் தெரியாது. வழி மாறிப் போகிறார்கள், அவ்வளவுதான்.

சங்ககிரி வந்துவிட்டதா? அந்த மலையைப் பாருங்கள். வெயிலில் எப்படிக் காய்கிறது.

நான் என்ன வாதம் வைக்கப் போகிறேன் என்றால், நாலு அம்சம். ஒன்று, குக்கர் கூட்டத்தை மன்னித்ததால் முன்னுதாரணம் இருக்கிறது. இரண்டு, எங்கள் நோக்கம் நல்லது. மூன்று... என்ன?

ஒரு வரிதானே என்கிறீர்களா? நீங்களுமா?

ஒரு வரிதான். ஆனால் அதை எழுதினால் நான் அந்த அறைக்குள் இனி எப்போதும் போக முடியாது தம்பி. ஞாயிறு மூன்று மணிக்கு நான் என்ன செய்வேன்? மகளுக்குப் போன் செய்தால் மீட்டிங் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங்? என் பேச்சைக் கேட்டு அடங்கிய கடைசிக் கூட்டம் அது. பத்துப் பேர். முகம்கூடத் தெரியாது. இருந்தாலும் கூட்டம் கூட்டம்தானே.

அவளுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான். தெரியும். நான் அதைச் சொல்லவில்லையா? நான்தானே உங்களுக்குச் சொன்னேன்?

பேனா இருக்கிறதா?

எழுதப் போகிறேன் என்று சொல்லவில்லை. வரைவு. வரைவு போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அந்தப் பிரதியைக் கொடுங்கள். நாலாம் பக்கத்தின் அடியில் இரண்டங்குலம் வெற்றிடம் இருக்கிறது பாருங்கள், அச்சகத்தின் பெயர் போட விட்டது. போடாமல் விட்டுவிட்டான், பயந்தாங்கொள்ளி.

"ஜெனிட்டாவுக்குத் தெரியாது. நான்தான்..."

"குழுவின் சார்பில்" என்று சேர்க்கலாமா? சேர்த்தால் பொருள் மாறிவிடும். நீங்கள் சொல்வது சரி. அடித்துவிடுகிறேன். "பொதுநலம் கருதும் ஒருவர்" என்று முடிக்கலாம். துண்டறிக்கை மரபு அது. வேண்டாமா? பெயர் வேண்டும் என்றுதான் அவளும் சொன்னாள். சென்னியப்பன். போதும். தகப்பன் பெயர், ஊர் எதுவும் வேண்டாம். எந்தச் சென்னியப்பன் என்று அவளுக்குத் தெரியும்.

எழுதியதை உரக்கப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். காதுக்குச் சரியாக இருந்தால் கண்ணுக்கும் சரியாக இருக்கும்.

"ஜெனிட்டாவுக்குத் தெரியாது. விதியில் உண்டு என்று நான்தான் சொன்னேன். அது பொய். சென்னியப்பன்."

ஏன் என்னையே பார்க்கிறீர்கள்? குரலா? சாலை சரியில்லை தம்பி. இந்தக் குலுக்கலில் யார் படித்தாலும் குரல் இப்படித்தான் நடுங்கும்.

என்ன?

சேலமா? பஸ் நின்றுவிட்டதா? எப்போது நின்றது?

சரி. கட்டு இந்த இருக்கையிலேயே கிடக்கட்டும், இந்த ஒன்று போதும். காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள், நான் இறங்க வேண்டும்.